ராயபுரத்தில் அச்சான மேட்டர்ஹோர்ன்

1

உங்களுக்கு அங்கே ஆடி பிறக்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, தள்ளுபடி விளம்பரங்கள் காதைக் கிழிக்க ஆரம்பித்திருக்கும்போது, இங்கே ஜூலை பதினான்காம் தேதி வருகிறது. அன்றைக்கு எங்கள் ஊரில் எல்லோரும் ஒரு மலையைப் பற்றியே பேசுவார்கள். மற்ற நாட்களில் எதைப் பற்றிப் பேசுவார்கள் என்று கேட்டால், அதே மலையைப் பற்றித்தான். ஜூலை பதினான்கில் கொஞ்சம் சத்தமாகப் பேசுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாடு சுவிட்சர்லாந்து, ஊர் செர்மாட், மலையின் பெயர் மேட்டர்ஹோர்ன். காலண்டர்களில் பார்த்திருப்பீர்கள். மற்ற மலைகளோடு சேராமல் தனியாக நிற்கும். கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு ஓரமாக நிற்கிற பெரியப்பாவைப் போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கும். நானும் என் வீட்டுக்காரரும் இங்கே வந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. அவர் ஓர் ஓட்டலில் சமையல். நான் அதே ஓட்டலின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டுகிறேன். திருப்பூரில் பிறந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்து, இத்தனை கடல் தாண்டி வந்தும் துணி என்னை விடவில்லை.

இந்த ஊரில் என் பெயர் ஃப்ராவ் சின்னச்சாமி. ஃப்ராவ் என்றால் திருமதி. சின்னச்சாமி என் அப்பா. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் அப்பா பெயரைப் போட்டோம், முடிந்தது கதை. தபால்காரர் முதல் பல் டாக்டர் வரை எல்லோரும் என்னை என் அப்பாவின் சம்சாரமாக்கிவிட்டார்கள். திருத்தலாம் என்று ஒரு தடவை ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் நாட்டில் குடும்பப் பெயர் இல்லை என்றால் குடும்பம் இருக்கிறதா?" என்றார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

2

மலையேறிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது விளங்காது.

1865 ஜூலை பதினான்கு வரை மேட்டர்ஹோர்னின் உச்சியில் ஒருவரும் கால் வைத்ததில்லை. மேலே பேய் குடியிருக்கிறது என்று ஊரில் நம்பிக்கை. அன்றைக்கு ஏழு பேர் ஏறினார்கள். கூட்டிக்கொண்டு போனவர் புத்தகங்களுக்குப் படம் செதுக்குகிற ஓர் இங்கிலாந்துக்காரர். மலையைப் படம் போட வந்தவர் மலைப்பித்துப் பிடித்து, வருடக்கணக்காக இத்தாலிப் பக்கமிருந்து முயன்று தோற்றவர். இவர்கள் செர்மாட் பக்கமிருந்து ஏறுகிற அதே நேரம், இத்தாலிப் பக்கமிருந்து இன்னொரு கோஷ்டி ஏறிக்கொண்டிருந்தது. இவர்கள் முந்திவிட்டார்கள். முந்தியதோடு விட்டார்களா? கீழே இருப்பவர்கள் கவனிக்க வேண்டும் என்று மேலிருந்து கத்தி, கல்லை உருட்டிவிட்டார்கள். அவர்கள் மனசு விட்டுப்போய் இறங்கிவிட்டார்கள், பிறகு மூன்று நாள் கழித்து வந்து ஏறினார்கள்.

இறங்கும்போது செர்மாட் கோஷ்டியில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. கயிறு நடுவில் அறுந்தது. நான்கு பேர் போய்விட்டார்கள், மூன்று பேர் ஊர் திரும்பினார்கள். திரும்பியவர்களில் இருவர் உள்ளூர் வழிகாட்டிகள், அப்பாவும் மகனும். கயிறு அறுந்ததா, அறுத்ததா என்று ஊர் பேச ஆரம்பித்தது. விசாரணை வைத்தார்கள், அறுந்ததுதான் என்று முடிவானது, ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. தமிழில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், இங்கே ஒரு குடும்பம் அந்த ஓர் எழுத்தைச் சுமந்துகொண்டு எத்தனையோ காலம் வாழ்ந்திருக்கிறது.

அந்தக் கயிற்றை இங்கே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை வீடியோ காலில் என் தம்பி செந்திலுக்குக் காட்டினேன். நான்கு உயிர் போன கதையை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன். அவன் போனைக் கிட்டே கொண்டுபோகச் சொல்லி, இழையின் பருமனைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, இது என்ன கவுண்ட்டு நூலுங்க?" என்றான்.

3

செந்தில் திருப்பூர் ராயபுரத்தில் சின்னதாக பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறான். டீசர்ட்டில் படம் அச்சடிக்கிற வேலை. இத்தனை வருடமும் அடுத்தவர் லேபிளுக்கு ஜாப் ஒர்க். பெரிய கம்பெனிகள் துண்டு துண்டாக அனுப்பும், இவன் அச்சடித்துத் திருப்பி அனுப்புவான், கழுத்தில் யாரோ ஒருவர் பெயர் இருக்கும். சொந்தமாக ஒரு லேபிள் போட வேண்டும் என்பது அவனுடைய தீராத ஆசை. லேபிளுக்குப் பெயர்கூட வைத்துவிட்டான். இனியா. என் மகள் பெயர்.

இனியாவுக்குப் பதினேழு வயது. இந்த ஊரின் ஜெர்மனை ஊர்க்காரர்களைப் போலவே தொண்டையிலிருந்து பேசுவாள். தமிழ் கற்றது சனிக்கிழமைப் பள்ளியில், யாழ்ப்பாணத்து டீச்சரிடம். ஆகவே வீட்டில் ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்பாள், 'பிழை' என்பாள், 'விளங்கேல்ல' என்பாள். முதல் தடவை அவள் போனில் "ஓம் மாமா" என்றபோது, பிள்ளை சாமி மந்திரம் சொல்கிறது என்று என் தம்பி செருப்பைக் கழற்றிவிட்டான்.

அதெல்லாம் அவனுக்குச் சம்மதம்தான். குறை ஒன்றே ஒன்று. "அம்முணி நல்லாத்தான் பேசுதுங்க்கா. ஆனா எல்லாத்தையும் மொட்டையா முடிக்குதுங்க. வந்தேன், போனேன், சாப்பிட்டேன். கேக்கறதுக்கே காது கூசுதுங்க. ஒரு 'ங்க' போட்டா என்ன கொறஞ்சா போகுது?"

இனியாவுக்கு இது புரிவதே இல்லை. "நான் மாமாவ நீங்கள் எண்டுதானே சொல்லுறன்? பிறகு வினைச்சொல்லுக்கும் ஏன் மரியாதை?" என்பாள். நாங்கள் நாய்க்குட்டியைக்கூட 'சித்த அக்கட்டால போங்க' என்று விரட்டுகிற ஆட்கள்.

என் கதை இதற்கு நேர் எதிர். ஜெர்மன் பேசும்போதும் எனக்கு 'ங்க' ஒட்டிக்கொள்ளும். ஆமாம் என்பதற்கு 'யா' என்று சொன்னால் போதும், எனக்கு 'யாங்க' என்றுதான் வரும். முதல் வருடம் முழுக்க, இது ஏதோ இந்திய நாட்டு ஜெர்மன் என்று நினைத்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் நினைவுப்பொருள் கடை வைத்திருக்கும் ஆக்னஸ் மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டார். மரியாதை என்று சொன்னேன். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் அவரும் "யாங்க, யாங்க" என்று தலையாட்டுவார். கிண்டல் பாதி, பிரியம் பாதி.

ஆக்னஸ் என்ற பெயரைக் கேட்டதும் செந்தில் சொன்னான்: "நம்ம ஜெபா ஊருப் பக்கத்து அம்மாவாட்டம் இருக்குதுங்க." ஜெபா என்கிற ஜெபராணி அவனுடைய யூனிட்டில் கம்ப்யூட்டரில் டிசைன் பார்க்கிறவள், தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அவளுடைய சித்தி பெயரும் ஆக்னஸாம்.

4

ஆக்னஸின் அப்பா, தாத்தா எல்லோரும் மலை வழிகாட்டிகள். அவருடைய அண்ணனும் முட்டி தேய்கிற வரை அதே வேலை. ஜூலை பதினான்கு மாலையில் ஆக்னஸ் தன் கடையில் காபியும் பழ அடையும் வைத்து, வழிகாட்டிக் குடும்பங்களையெல்லாம் கூப்பிடுவார். ஒவ்வொரு வருடமும் மலைப்படம் போட்ட புதுச் சட்டை ஒன்றை எல்லோருக்கும் கொடுப்பார், மீதியைக் கடையில் விற்பார். இந்த வருடம் நான் வாயைத் திறந்தேன். என் தம்பி அச்சடிப்பான் என்றேன்.

சாம்பிள் வந்தது. நெஞ்சோரத்தில் சின்னதாக மலை. துணியைத் தடவிப் பார்த்து ஆக்னஸ் மகிழ்ந்துபோனார். எல்லாம் சரியாக முடிந்திருக்க வேண்டியது. கடைசி நேரத்தில் அவருக்கு ஓர் ஆசை வந்தது: மலை சின்னதாக வேண்டாம், நெஞ்சு முழுக்கப் பெரிதாக வேண்டும். அதற்காகப் புதுப் போட்டோ ஒன்றை அனுப்பினார். இங்கே ரயிலில் மேலே போனால் சின்ன ஏரி ஒன்று இருக்கிறது. காற்றில்லாத காலையில் மலை அப்படியே தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். அந்தப் போட்டோ.

செந்தில் "சரிங்க" என்றான்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து 'சரிங்க'வைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குச் சரி என்று அர்த்தமில்லை. நீங்கள் பேசியது காதில் விழுந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் எதையும் அதில் தேடக்கூடாது. இதை நான் ஆக்னஸுக்குச் சொல்லியிருக்கவில்லை.

நேரமில்லாததால் இரண்டாவது சாம்பிள் இல்லாமலே அச்சடித்து, பெட்டி கட்டி, விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றிய பிறகு செந்தில் பெருமையாக ஒரு படம் அனுப்பினான். சட்டை பளிச்சென்று இருந்தது. கழுத்தில் 'இனியா' என்று தமிழில் லேபிள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகளிடம் நீட்டினேன்.

அவள் ஒரு நொடிதான் பார்த்தாள். "அம்மா, மலை பிழையா இருக்கு."

"என்ன பிழை?"

"மற்றப் பக்கம் திரும்பி நிக்குது."

போனை ஜன்னலுக்குக் கொண்டுபோய், வெளியே நிற்கிற மலையின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். காலை வெயில் விழுகிற முகம் எங்களுக்கு இடது பக்கம். சட்டையில் அது வலது பக்கம். தலை சாய்வதும் எதிர்ப்பக்கம். தினமும் காலையில் காபி குடித்தபடி பார்க்கிற மலை, எனக்கு அது உறைக்கவே இல்லை.

செந்திலைக் கூப்பிட்டேன். அவன் ஜெபாவைக் கூப்பிட்டான். அவள் அழுகிற நிலையில் இருந்தாள். "அக்கா, போட்டோவுல ரெண்டு மலை இருந்துச்சி. மேல உள்ளதுல கடைப் பேரு குறுக்க எழுதிக் கிடந்துச்சி. கீழ உள்ளது நல்லாத் தெளிவா இருந்துச்சி. அதான் அதை வெட்டி நேராத் திருப்பி வச்சேன். ரெண்டும் ஒரே மலைதானக்கா?"

அவள் தண்ணீரில் தெரிந்த மலையை எடுத்து நிமிர்த்தி வைத்திருக்கிறாள். நிமிர்த்தினால் இடம் வலமாகிவிடும் என்று யாருக்குத் தோன்றும்? மலையைப் பார்த்திராத ஒருத்திக்கு நிச்சயம் தோன்றாது. பாண்டவர்களின் மாடுகளை மீட்டுத் திருப்பிய இடம் என்பதால் திருப்பூர் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். மாட்டைத் திருப்பியதோடு நிறுத்தியிருக்கலாம்.

செந்தில் அன்றைக்கு 'சரிங்க' சொல்லவில்லை. "அந்தம்மா வேண்டாம்னுட்டாங்கன்னா, நான் மறுபடி அடுத்தவன் லேபிளுக்கே அடிச்சுக்கறேன். நமக்கு எதுக்குங்க்கா சொந்த லேபிளு. பாப்பா பேரைப் போட்டுத் தப்பா அனுப்பிட்டனே, அதுதான் மனசு ஆறலைங்க" என்றான். அவன் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

5

பெட்டிகள் சுங்கத்தில் நின்றன. ஒரு பக்கம் அப்பாடா என்றிருந்தது. பதினான்காம் தேதிவரை அங்கேயே கிடக்கட்டும் என்று வேண்டாத தெய்வம் இல்லை. ஆனால் இந்த நாட்டு அதிகாரிகள் கடமையில் கண்ணானவர்கள். ஒருவர் ஆக்னஸுக்குப் போன் செய்து, இது நெய்த துணியா, பின்னிய துணியா என்று கேட்டார். ஆக்னஸ் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். இத்தனை வருடத்தில் இங்கே ஓர் அதிகாரி கேட்ட கேள்விக்கு எனக்கு முழுதாகப் பதில் தெரிந்தது அன்றுதான். சோமனூர் தறியில் ஓடுவது நெய்த துணி, எங்கள் ஊர் மெஷினில் சுற்றுவது பின்னிய துணி, ஒன்றில் நூல் குறுக்கும் நெடுக்கும் போகும், மற்றதில் வளையத்துக்குள் வளையம் போகும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் நடுவில் இரண்டு தடவை நன்றி சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசியில் பெட்டியை விட்டுவிட்டார்.

போனை வைத்த கையோடு ஆக்னஸிடம் விஷயத்தைச் சொன்னேன். பெட்டி வந்து அவரே திறந்து பார்ப்பதற்கு முன் நான் சொல்லியாக வேண்டும். படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது எங்கள் மலை இல்லையே" என்றார்.

ஏரி, ஜெபா, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. கோபிக்கவும் இல்லை. "வருகிறவர்கள் எல்லோரும் இந்த மலையில் ஆட்களைக் கயிற்றில் கட்டி அழைத்துப் போனவர்கள். இதை என் அண்ணனிடம் எப்படிக் கொடுப்பேன்?" என்றார். கிளம்பும்போது வழக்கம்போல "யாங்க" சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. எதிர்வீடுதான், ஆனால் அன்றைக்கு அந்தத் தெருவைக் கடக்க எனக்கு வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது.

மறுநாள் பெட்டிகள் வந்தன. இறக்கி வைக்க நானும் இனியாவும் போனோம். ஆக்னஸ் முதல் பெட்டியைத் திறந்து, ஒரு சட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, மூடி வைக்கப் போனார். இனியா கையை நீட்டி அதை வாங்கினாள். கழுத்தில் இருந்த லேபிளைத்தான் பார்த்தாள். அவள் பெயர் தமிழில் அச்சாகி அவள் நேரில் பார்த்ததில்லை. அதைக் கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்துவிட்டு, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டாள். அளவு சரியா என்று குனிந்து பார்த்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"அம்மா, இஞ்ச பாருங்கோ. ஏரி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் ஜெர்மனில் ஆக்னஸிடம் கடகடவென்று சொன்னாள். ஆக்னஸும் ஒரு சட்டையை எடுத்து மாட்டினார், குனிந்தார். நானும் ஒன்றை மாட்டினேன்.

நீங்களே வீட்டில் செய்து பாருங்கள். நெஞ்சில் இருக்கிற படத்தைப் போட்டிருப்பவர் குனிந்து பார்த்தால் தலைகீழாகத்தான் தெரியும். ஜெபா தண்ணீரில் தலைகீழாக இருந்ததை நிமிர்த்தினாள். சட்டையைப் போட்டவர் குனியும்போது அது மறுபடி தலைகீழாகி, தண்ணீரில் எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிடுகிறது. வெயில் விழுகிற முகம் இடது பக்கம் வந்துவிடுகிறது. எதிரில் நிற்பவருக்குத்தான் அது தப்பான மலை. போட்டிருப்பவருக்கு அது ஏரிக்குள் இருக்கிற மேட்டர்ஹோர்ன், ஒரு மயிரிழை பிசகாமல்.

ஆக்னஸ் சிரிக்கவில்லை. குனிந்தபடியே வெகுநேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "யாங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது.

6

பதினான்காம் தேதி மாலை கடை நிறைய ஆட்கள். எல்லோரும் கொடுத்த சட்டையை மாட்டிக்கொண்டாகிவிட்டது. ஆக்னஸின் அண்ணன், எண்பது வயதுக்கு மேல், மலை போலவே முகம். தங்கையின் சட்டையைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினார். "தப்பு" என்றார். நான் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"உன் சட்டையைப் பார்" என்றார் ஆக்னஸ்.

கிழவர் குனிந்தார். அவர் குனிந்ததைப் பார்த்து மற்றவர்களும் குனிந்தார்கள். கடையில் சத்தம் அடங்கியது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. செந்தில். அவனால் பொறுக்க முடியவில்லை. "இன்னைக்கு இங்க ஷட் டவுனுங்க, காத்தால போன கரண்ட் ராத்திரியாகியும் வரலை. எமர்ஜென்சி லைட்டுல சும்மா உக்காந்திருக்க முடியலைங்க, அதுதான் கூப்பிட்டேன்" என்றான். நான் போனைத் திருப்பிக் கடையைக் காட்டினேன்.

அவன் மெல்லிய குரலில் கேட்டான்: "ஏனுங்க்கா, எல்லாரும் தலையைக் குனிஞ்சுட்டு நிக்கறாங்க? மலையில செத்தவங்களுக்கு அஞ்சலிங்களா, இல்ல நம்ம சட்டைக்குங்களா?"

அப்போதுதான் கிழவர் நிமிர்ந்தார். வாலிபத்தில் ஏறப் போவதற்கு முன் அந்த ஏரிக்கரையில்தான் உட்கார்ந்து ரொட்டி தின்பாராம். மலைமேல் போனவனுக்கு மலை தெரியாது, தின்னும்போது தண்ணீரில் பார்த்துக்கொண்டால்தான் உண்டு என்றார். தன் மனைவிக்கு இன்னொன்று வேண்டும் என்று கையை நீட்டினார். கடை மறுபடி இரைச்சலானது. ஆக்னஸ் என்னைத் தேடிப் பிடித்து, அடுத்த வருடத்துக்கும் இதே லேபிள், போட்டோவை மட்டும் நான் பார்த்துத் தருகிறேன் என்றார்.

இனியா என் கையிலிருந்து போனை வாங்கினாள். அவள் நெஞ்சில் மலை, கழுத்துக்குள் அவள் பெயர்.

"மாமா," என்றாள். நிறுத்தினாள். நாக்கை எங்கே வைப்பது என்று யோசிப்பது தெரிந்தது. "உங்கட மலை சரியாத்தான் இருக்குதுங்க. எல்லாருக்கும் பிடிச்சிருக்குதுங்க."

திரையில் செந்திலின் முகம் இல்லை, கூரைதான் தெரிந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் வந்தது.

"மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை கண்ணு. இன்னொருக்காச் சொல்லு."

கரண்ட் இல்லாத நாளில் என்ன மெஷின் ஓடுகிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. இனியா இன்னொருக்காச் சொன்னாள்.